திரும்பத் திரும்ப நொண்டும் குதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் பதினாறு வருடமாகக் குதிரை வளர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. என்னுடைய செவலைப் பெண்குதிரை 14 மாதம் விட்டு விட்டு நொண்டியது. அந்த நாட்களில் அலைந்து திரிந்து, டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் யார் குதிரை காலைத் தாங்கினாலும் எனக்குப் போன் வருகிறது. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். மருந்தின் பெயர் தேடி வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. வலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

1. லேசா தாங்குதுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிடுது, அப்புறம் திரும்ப வருது. இதுக்கெல்லாம் டாக்டர் வேணுமா?

வேண்டும். நொண்டல் ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. ஒரே ஒரு தடவை வந்து போனால் கல் குத்தியிருக்கலாம், கால் பிசகியிருக்கலாம். அதே கால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை நொண்டுகிறது என்றால் உள்ளே ஏதோ ஆறாமல் இருக்கிறது.

இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது என்பது நம்மை ஏமாற்றும் விஷயம். கட்டிப் போட்டதால் வலி அடங்கியிருக்கும், காயம் அப்படியேதான் இருக்கும். குறிப்பாகத் தசைநாணில், அதாவது சதையை எலும்போடு கட்டியிருக்கும் நாரில், சின்னக் கிழிசல் இருந்தால், நொண்டல் நின்றதும் நாம் ஓட்டுவோம், கிழிசல் பெரிதாகும். நான்காம் தடவை வரும்போது அது லேசான நொண்டலாக இருக்காது.

2. எந்தக் கால்னே எனக்குப் புரியலை. எப்படிப் பாக்கறது?

கெட்டியான, சமமான தரையில் ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு குதிரையை நேராக ஓட்டட்டும். பாய்ச்சல் வேண்டாம், நடையும் போதாது. இரண்டுக்கும் நடுவில் டக்-டக் என்று சீராக விழும் டிராட் ஓட்டம்தான் வேண்டும். தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தலை இறங்கும் பக்கத்துக் காலுக்கு வைத்தியம் பார்த்துவிடுகிறார்கள்.

பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கும் பக்கத்து இடுப்பு எலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். அங்கே வாலுக்கு இரண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தால் நன்றாகத் தெரியும். ஒரு சிக்கல் என்னவென்றால், பின்னங்கால் வலி அதிகமாக இருந்தால் தலையும் ஆடும். அது அதே பக்கத்து முன்னங்கால் நொண்டுவது போலவே தோன்றும்.

தார் ரோட்டில் காதையும் கொடுத்துக் கேளுங்கள். நல்ல கால் ஓங்கி விழும், வலிக்கும் கால் பூப்போல விழும். செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. அது டாக்டருக்கும் உதவும்.

3. தோள்ல பிடிப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. சூடு போட்டா சரியாகுமாங்க?

என் செவலையை அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியபோது அதன் இடது தோளில் மூன்று கோடு இருந்தது. விரல் நீளத்துக்கு, முடி முளைக்காத வழவழப்பான தழும்பு. ஏதோ பழைய காயம் என்று நினைத்தேன். நொண்டல் ஆரம்பித்து டாக்டரிடம் போனபோதுதான் அது சூடு போட்ட தழும்பு என்று தெரிந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் இதே நொண்டலைப் பார்த்திருக்கிறார், தோள் என்றே நினைத்திருக்கிறார். கடைசியில் வலி இருந்தது தோளில் இல்லை, குளம்புக்குள்.

ஏன் எல்லாரும் தோள் என்கிறார்கள்? காரணம் இருக்கிறது. குளம்பு வலிக்கும் குதிரை எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்துவிடும். பார்க்கிறவர்களுக்குத் தோள் இறுகியது போலத் தெரியும். மாதக்கணக்கில் அந்தக் காலுக்குச் சரியாக வேலை கொடுக்காததால் தோள் சதையும் வற்றும். அதைத் தடவிப் பார்த்து 'இதோ இங்கேதான்' என்பார்கள். உண்மையில் முன்னங்கால் நொண்டலில் பெரும்பாலானவை குளம்பிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் இருக்கும். தோளில் வருவது அபூர்வம்.

சூடு போட்டபின் புண் ஆறும்வரை ஓட்ட மாட்டோம் இல்லையா, அந்த ஓய்வில்தான் நொண்டல் குறைகிறது. தயவுசெய்து சூடு போடாதீர்கள். ஏற்கெனவே வலியில் நிற்கிற உயிர் அது.

4. டாக்டர் வர்றதுக்குள்ள நாங்களா என்ன பாக்கலாம்?

குளம்பைத் தூக்கிக் கழுவி, அடிப்பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் இருக்கும் மெத்தென்ற முக்கோணப் பகுதியின் இரண்டு பக்கப் பள்ளத்தையும் சுத்தம் செய்து கல், ஆணி, முள், கறுப்புப் புள்ளி எதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். நாற்றமடித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு குளம்பையும் உள்ளங்கை வைத்துச் சூடு ஒப்பிடுங்கள். வெயிலில் நின்ற குதிரையிடம் இது ஒன்றும் சொல்லாது, நிழலில் ஒரு மணி நேரம் நிற்க விட்டுப் பாருங்கள்.

அடுத்து நாடி. குளம்புக்கு மேலே உள்ள கணுவின் பின்புறம், இரண்டு ஓரங்களிலும் விரலை லேசாக வைத்தால் ஒரு கயிறு போல உருளும். சாதாரணமாக அங்கே துடிப்பு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். விரலில் டக் டக் என்று அடித்தால் குளம்புக்குள் அழற்சி என்று அர்த்தம். குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே இதைத் தொட்டுப் பழகி வையுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநாணை மேலிருந்து கீழே இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் தடிப்பு, சூடு, அல்லது அழுத்தியதும் காலை இழுத்துக்கொள்வது என்று எது இருந்தாலும் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

5. எப்பெல்லாம் காத்திருக்கவே கூடாது?

காலைத் தரையிலேயே ஊன்றவில்லை என்றால். மூட்டுக்குப் பக்கத்தில் காயம் இருந்தால், காயம் சின்னதாக இருந்தாலும் சரி. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் கெட்டுவிடும். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றால் அது லேமினைடிஸாக, அதாவது குளம்புக்குள் வரும் அழற்சியாக இருக்கலாம். கொள்ளு மூட்டையை அவிழ்த்துத் தின்ற பிறகோ, திருவிழாவில் ஆளாளுக்கு அரிசியும் வெல்லமும் ஊட்டிய பிறகோ இது வரும். டாக்டர் வரும்வரை குளம்புகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள், நடக்க வைக்காதீர்கள்.

குளம்படியில் ஆணி ஏறியிருந்தால் பதறிப்போய்ப் பிடுங்காதீர்கள். எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க அந்த ஆணி இருப்பது நல்லது. நடந்தால் இன்னும் உள்ளே ஏறும் என்ற நிலை இருந்தால் மட்டும் எடுத்துவிட்டு, ஏறிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்பதையும் தேடி எடுங்கள். ரணஜன்னி குதிரைக்கு வருவது போல வேறு எந்த வீட்டு விலங்குக்கும் எளிதில் வராது.

6. லாடம் அடிச்சு மூணாம் நாள் நொண்டுதுங்க. லாடக்காரர் தப்புதானே?

இருக்கலாம். ஆணி உயிருள்ள சதையில் ஏறியிருந்தால் அடித்த உடனேயே நொண்டும். சதைக்கு வெகு அருகில் போய் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும். ஒவ்வோர் ஆணித் தலையையும் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், எந்த ஆணியில் கால் துள்ளுகிறதோ அதுதான். அதைக் கழற்றியதும் பாதி வலி போய்விடும். சீழ் பிடித்திருந்தால் டாக்டர் வெட்டி வடிய விட வேண்டும். குளம்பில் சீழ் கட்டினால் எலும்பு முறிந்தது மாதிரியே குதிரை காலைத் தூக்கிக்கொள்ளும், பயப்படாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வடிந்ததும் அதிசயம் போல நடக்கும்.

ஆனால் என் அனுபவத்தில் லாடக்காரரைவிட நம் தப்புதான் அதிகம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். நாம் லாடம் தேய்ந்து விழும்வரை மூன்று நான்கு மாதம் விட்டுவிடுகிறோம். முன்நுனி நீண்டு, குதிப்பகுதி தாழ்ந்து, ஒவ்வோர் அடியிலும் பின்பக்கத் தசைநாண் இழுபடுகிறது. என் செவலைக்கு நடந்தது இதுதான்.

7. எங்க ஊரு மாட்டு டாக்டரே பாப்பாருங்களா? இல்ல எங்க கூட்டிட்டுப் போறது?

முதலில் அவரிடமே காட்டுங்கள். சீழ், ஆணி, காயம், காய்ச்சல் இவற்றை அவர் பார்த்துவிடுவார். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியையும் கூப்பிடலாம். திரும்பத் திரும்ப வரும் நொண்டலுக்கு மட்டும் எக்ஸ்ரே, ஸ்கேன் வசதியும் குதிரை பார்த்த கையும் சேர்ந்திருக்கும் இடம் வேண்டும். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து, பெரிய விலங்குகளுக்கான எக்ஸ்ரே அன்றைக்கு இயங்குகிறதா, குதிரை பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சவாரிப் பள்ளிகளுக்கும் பந்தயக் குதிரைகளுக்கும் பார்க்கும் தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். பக்கத்துச் சவாரிப் பள்ளியில் விசாரித்தால் தெரியும்.

8. பாவம், வண்டியில அவ்வளவு தூரம் நிக்கணுமே. வலி ஊசி போட்டுக் கூட்டிட்டுப் போகலாமா?

நான் செய்த தப்பு இது. முதல் தடவை ஊசி போட்டு ஏற்றிப் போனேன். அங்கே குதிரை ராஜநடை நடந்தது. டாக்டர் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போன செலவும் வந்த செலவும் வீண், குதிரைக்கும் வீண் அலைச்சல்.

வலிதான் டாக்டருக்கு வழிகாட்டி. லேசான நொண்டலாக இருந்தால், எத்தனை நாள் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும். ஐந்தாம் கேள்வியில் சொன்ன மாதிரி அவசரம் என்றால் இது பொருந்தாது. அப்போது மருந்து கொடுக்கலாமா என்று போனில் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். எது கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து, தெரிந்தவர் கொடுத்த மாத்திரை, எல்லாவற்றையும்.

9. அங்க போனதும் நொண்டவே மாட்டேங்குது. என்ன பண்றது?

புது இடம், புது வாசனை, பக்கத்தில் வேறு குதிரைகள். பரபரப்பில் குதிரை வலியை மறந்துவிடும். அதனால்தான் இரண்டாம் கேள்வியில் வீடியோ எடுக்கச் சொன்னேன். நேராகப் போவது, திரும்பி வருவது, நீளக் கயிற்றில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வட்டமடிப்பது என்று நான்கு துண்டு எடுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, எந்தக் கால், எந்தத் தரை, கடைசியாக லாடம் அடித்த நாள், அன்றைய வேலை என்று ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டர்தான், ஒவ்வொரு நொண்டலும் லாடம் அடித்து மூன்று மாதம் தாண்டிய பிறகே வந்திருப்பதைக் கவனித்தார். அது என் கண்ணில் படவே இல்லை.

10. காலை மடக்கி ஒரு நிமிஷம் பிடிச்சுட்டு, விட்ட உடனே ஓட்டச் சொல்றாரு. அப்படிச் செஞ்சா நல்ல குதிரையும் நொண்டாதா?

நல்ல குதிரை இரண்டு மூன்று எட்டு தடுமாறலாம், அவ்வளவுதான். மூட்டில் பிரச்சினை இருந்தால் பத்துப் பதினைந்து எட்டு நன்றாகவே நொண்டும். இரண்டு காலையும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு அழுத்தத்தில் மடக்கி ஒப்பிட்டுப் பார்ப்பார். இது ஒரு சைகைதான், தீர்ப்பு இல்லை. மடக்கினால் பல மூட்டுகள் சேர்ந்தே மடங்குகின்றன அல்லவா. பெரிய இடுக்கி போன்ற ஒன்றால் குளம்பைப் பல இடத்தில் அழுத்திப் பார்ப்பார், அதுவும் இந்த வரிசையில் வருவதுதான்.

11. மரத்துப் போற ஊசி போடப் போறாராம். மரக்க வெச்சுட்டா வலி எங்கன்னு எப்படித் தெரியும்?

திரும்பத் திரும்ப வரும் நொண்டலில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. டாக்டர் கீழிருந்து தொடங்குவார். குளம்புக்கு மேலே பின்பக்கம் ஓடும் நரம்புக்குப் பக்கத்தில் இரண்டு ஓரமும் சில மில்லி மருந்து போடுவார். ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி ஓட்டச் சொல்வார். நொண்டல் நின்றுவிட்டால் வலி மரத்துப்போன பகுதியில் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் அந்தப் பகுதி குற்றமற்றது, அடுத்த ஊசி அதற்கு மேலே. இப்படிப் படிப்படியாக ஏறிக்கொண்டே போவார். மேலே முதலில் போட்டால் கீழே எல்லாமே மரத்துவிடும், இடம் தெரியாது.

செவலைக்கு இடது முன்னங்காலில் முதல் ஊசி போட்டதும் டாக்டர் பால்பாயின்ட் பேனா முனையால் குதிப்பகுதியை அழுத்தினார். ஈ உட்கார்ந்தாலே காலை உதறுகிற குதிரை அசையவில்லை. 'ஓட்டுங்க' என்றார். 14 மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கால் தைரியமாகத் தரையை மிதித்ததைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

எலும்பில் விரிசல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த ஊசி போடமாட்டார்கள். வலி தெரியாமல் முழு பாரத்தையும் ஊன்றினால் விரிசல் முறிவாகிவிடும்.

12. இடது காலுக்கு ஊசி போட்டா, இப்ப வலது கால் நொண்டுது! டாக்டர் கெடுத்துட்டாரா?

இல்லை. செவலைக்கும் இதுவேதான் ஆனது, நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். இரண்டு முன்னங்குளம்பிலும் வலி இருந்து, இடதில் கொஞ்சம் அதிகம் என்றால் இடதுதான் வெளியே தெரியும். அதை மரக்க வைத்ததும் அதுவரை ஒளிந்திருந்த வலது கால் வெளிப்படுகிறது. இது டாக்டருக்குக் கிடைத்த மிக நல்ல தடயம். இரண்டு காலிலும், குளம்பின் பின்பகுதியில் வலி என்றால் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். எங்கள் விஷயத்தில் அது நாவிக்குலர் எனப்படும் படகு வடிவச் சின்ன எலும்பையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் பற்றிய பிரச்சினை.

13. நேரா எக்ஸ்ரே எடுத்துட்டா இவ்வளவு நேரமும் செலவும் மிச்சம்தானே?

எதை எடுப்பது? ஒரு காலில் எத்தனையோ எலும்பும் மூட்டும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பல கோணம். எல்லாவற்றையும் எடுத்தால்தான் செலவு ஏறும். அதுமட்டுமில்லை, பத்து வயதுக் குதிரையை எடுத்தால் எங்கேயாவது பழைய தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, வலிக்காத இடத்துக்கு வைத்தியம் பார்ப்போம். 11-ல் சொன்ன ஊசியால் இடத்தைச் சுருக்கிவிட்டு எடுத்தால் நான்கு படம் போதும். குளம்பை எடுப்பதாக இருந்தால் லாடத்தைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் உங்கள் லாடக்காரரையும் கூட அழைத்துப் போங்கள்.

14. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. அப்ப வலி எங்கிருந்து வருது?

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தசைநாண், மூட்டு நார் எல்லாவற்றுக்கும் ஸ்கேன் வேண்டும். எலும்பிலும்கூட சுண்ணாம்புச் சத்து 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் படத்தில் தெரியும். மயிரிழை விரிசல் முதல் நாள் தெரியாமல் பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்தால் தெரிவதும் உண்டு. 'ஒன்றும் இல்லை' என்றால் இந்தப் படத்தில், இன்றைக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேளுங்கள்.

15. இன்னிக்கு இடது முன்னங்கால், அடுத்த வாரம் வலது பின்னங்கால்னு மாறி மாறி நொண்டுது. இது என்னங்க?

இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் கேட்பது, 'என்ன தீனி போடுறீங்க?' என்றுதான். நம் பக்கத்தில் குதிரைக்குத் தவிடுதான் தாராளமாகப் போடுகிறோம். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அரிசித் தவிட்டில் இன்னும் அதிகம். குதிரைக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளும். எலும்பு பஞ்சாகும், கால் மாற்றிக் கால் வலிக்கும். முற்றினால் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும், மெல்லவே சிரமப்படும். அதோடு மாட்டுக்காக வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லையே குதிரைக்கும் அறுத்துப் போடுகிறோம். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஏனென்றால் எலும்பைக் கரைத்துத்தான் ரத்தத்தைச் சமாளிக்கிறது. அதனால் தீனிப் பட்டியலை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். தவிட்டைக் குறைத்து, குதிரைமசாலைச் சேர்த்து, தேவையான சுண்ணாம்புச் சத்தை அவர் சொல்லும் அளவில் கொடுத்தால் பல மாதங்களில் தேறும். கால்சியம் மிகுந்த அந்தத் தீவனத்துக்கு நம் ஆட்கள் குதிரைமசால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு வைக்கிறோம்.

இன்னொன்று, சர்ரா. பெரிய ஈக்கள் கடித்துப் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய். காய்ச்சல் விட்டு விட்டு வரும், தின்றாலும் இளைக்கும், வயிற்றுக்கடியிலும் காலிலும் நீர் கோர்க்கும், பின்பக்கம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை நொண்டல் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் குதிரை போய்விடும். உடல்சூடு எடுத்துப் பாருங்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

16. காலையில நொண்டுது, நடக்க நடக்கச் சரியாகுது. இது நல்லதா கெட்டதா?

நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, தகவல். சூடேறச் சூடேறக் குறைவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், குறிப்பாகப் பின்னங்கால் முட்டியில். நடக்க நடக்க அதிகமாவது, கெட்டித் தரையில் மோசமாவது குளம்பு அல்லது எலும்புப் பக்கம் காட்டும். மணலில் மோசமாவது தசைநாணைச் சந்தேகிக்க வைக்கும். நோட்டில் 'எந்தத் தரை' என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

17. வலி மாத்திரை குடுத்தா நல்லா ஓடுது. அப்படியே குடுத்து ஓட்டுனா என்ன?

கூடாது. வலி அடங்கியிருக்கும்போது ஓட்டினால் உள்ளே இருக்கும் சேதம் பெரிதாகும். குதிரைக்கு அதிகம் கொடுக்கப்படும் பினைல்பியூட்டசோன் அளவு மீறினால் வயிற்றிலும் குடலிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். உடம்பில் தண்ணீர் வற்றும் கோடையில் ஆபத்து கூடுதல். மட்டக்குதிரைகள் பெரிய குதிரைகளைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படும். ஒரு வலி மருந்து கேட்கவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றைக் கொடுப்பது மிகவும் தவறு.

மருந்துக்கடையில் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கால்நடைக்கு அதை 2006-லேயே இந்தியா முழுவதும் தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து போட்ட விலங்கு இறந்து, அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அதே காரணத்துக்காகத் தடையாயின. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் கழுகுகளில் பெரும்பாலானவை நமக்குப் பக்கத்திலேயே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் வாழ்கின்றன. டாக்டர் எழுதித் தருவதை மட்டும் கொடுங்கள்.

18. மூட்டுக்குள்ளயே ஊசி போட்டுடலாம்னு சொல்றாங்க. போடலாமா?

வலி அந்த மூட்டில்தான் என்று உறுதியான பிறகு, சுத்தமான இடத்தில், முடி எடுத்து, நன்றாகக் கழுவிப் போட்டால் பலன் உண்டு. குத்துமதிப்பாகப் போட வேண்டாம். மூட்டுக்குள் கிருமி போனால் என்ன ஆகும் என்று ஐந்தாம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். மூட்டுக்குள் போடும் மருந்து ஸ்டீராய்டாக இருந்து, குதிரைக்கு முன்பு லேமினைடிஸ் வந்திருந்தால், போடும் முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

19. ஓய்வு குடுங்கன்னா எத்தனை நாளு? கட்டியே போடணுமா?

எது அடிபட்டது என்பதைப் பொறுத்தது. குளம்புச் சீழ் என்றால் ஒன்றிரண்டு வாரம். தசைநாண் கிழிசல் என்றால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஆறாம் வாரம் நொண்டல் நின்றுவிடும், நாமும் ஓட்ட ஆரம்பிப்போம். உள்ளே புது நார் இன்னும் இளசாகவே இருக்கும். இடையில் ஸ்கேன் எடுத்து அது எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த கட்டம். கட்டியே போடவும் வேண்டாம், கையில் பிடித்து நடத்துவதே பெரும்பாலும் மருந்து. எத்தனை நிமிடம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீனியையும் குறையுங்கள். வேலையில்லாத குதிரைக்குப் பழைய அளவு கொள்ளு வைத்தால் துள்ளிக் குதித்துக் காயத்தைத் திறந்துவிடும்.

20. ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றாங்க. யாரை நம்பறது?

ஒருவர் நொண்டிய நாளில் பார்த்திருப்பார், மற்றவர் நொண்டாத நாளில். இருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'வலி அந்த இடத்தில்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' மரப்பு ஊசியில் நின்றது, ஸ்கேனில் தெரிந்தது என்று சொல்பவர் பக்கம் நான் சாய்வேன். முதலாமவர் எடுத்த படங்களையும் சீட்டுகளையும் இரண்டாமவரிடம் தயங்காமல் காட்டுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

21. சந்தையில வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். கெட்டித் தரையில் டிராட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், புல்தரையில் மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் சின்ன வட்டம் அடிக்க விடுங்கள். முன்குளம்பு இரண்டும் ஒரே அளவா என்று எதிரே குனிந்து பாருங்கள். வெகுநாள் வலித்த காலின் குளம்பு குறுகியிருக்கும். தோளில் சூட்டுத் தழும்பு இருந்தால் விலை பேசும் முன் ஏன் என்று கேளுங்கள். வலி ஊசி போட்டு நிறுத்தியிருந்தால் அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்து இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் அதுவே நல்ல அடையாளம். நான் இதில் ஒன்றையும் செய்யாமல், நடையழகைப் பார்த்து ஒரே மணி நேரத்தில் முன்பணம் கொடுத்தேன்.

22. இனிமே ஓட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. என்ன செய்யறதுங்க?

'ஓட்ட முடியாது' என்றால் எதை என்று கேளுங்கள். ரேக்ளா முடியாதா, சவாரி முடியாதா, வலியில்லாமல் நிற்கவே முடியாதா? மூன்றும் வேறு வேறு. வலி இன்றி மேயவும் நடக்கவும் முடிகிற குதிரைக்கு வாழ்க்கை இருக்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காத வலியில் படுத்தே கிடக்கிறது என்றால், டாக்டர் கருணைக்கொலை பற்றிப் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள். இதே குதிரையை மாத்திரை கொடுத்து வேறொருவர் தலையில் கட்டுவது மட்டும் வேண்டாம். அப்படிக் கைமாறி வந்ததுதான் என் செவலை.

அதற்கு இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி, நுனியை உருட்டி, குதிப்பகுதிக்குத் தாங்கல் கொடுக்கும் லாடம் அடிக்கிறோம். தார் ரோடு இல்லை, பந்தயம் இல்லை. வாய்க்கால் மேட்டு மண்பாதையில் என் அண்ணன் மகளைச் சுமந்து காலையில் அரை மணி நேரம் நடக்கிறது. மாதம் ஒரு தடவை வீடியோ எடுக்கிறேன். போன மாதம் வட்டத்தில் இடப்பக்கம் திரும்பும்போது தலை மிக லேசாக எழுந்தது. நோட்டைப் பார்த்தேன், லாடம் அடித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கே லாடக்காரருக்குப் போன் செய்தேன்.